வெயில் உண்டு... அலை இல்லை!



செல் மாற்ற வேண்டாம். சாவி கொடுக்க வேண்டாம். நேரம் வைக்கக்கூட வேண்டாம். வெயில் பட்டால் அதுவே சார்ஜ் ஆகிக்கொள்ளும். நடு ராத்திரியில் நாம் குறட்டை விடும்போது வானொலி அலையைக் கேட்டு, நொடி பிசகாமல் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும். இப்படி ஒரு கைக்கடிகாரம் இருக்கிறது என்று வகுப்பில் சொன்னேன். "ரீல் அந்து போச்சு மச்சி" என்று எழுந்து டீ குடிக்கப் போய்விட்டார்கள்.

ரீல் இல்லை நண்பர்களே! அந்த வாட்ச் எங்கள் வீட்டில் இருக்கிறது. ஆனால் மேலே சொன்னதில் பாதிதான் நம்ம ஊரில் நடக்கும். எந்தப் பாதி நடக்கும், எந்தப் பாதி நடக்காது, ஏன் நடக்காது என்பதைத்தான் எழுதப் போகிறேன். இ.சி.இ. நண்பர்களுக்குச் சில இடங்களில் 'இது நாம எழுதின பரீட்சைதானே' என்று தோன்றும். மெக்கானிக்கல், சிவில் நண்பர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளவும்.

வாட்ச் வந்த கதை சின்னது. என் தாய்மாமா சரக்குக் கப்பலில் ஃபிட்டர். யோகோஹாமா துறைமுகத்தில் கப்பல் நின்றபோது வாங்கியது. கேசியோ. சதுர முகம், கறுப்பு ரெசின் பட்டை. இரண்டு வருஷம் கட்டினார். அப்புறம் பெட்டிக்குள் போட்டுவிட்டார். போன லீவில் வந்தவர் என்னிடம் கொடுத்துச் சொன்னார்: "மருமவனே, நீ எலக்ட்ரானிக்ஸ்தான படிக்க? இத வச்சுக்க. ஜப்பான்ல இருக்கும்போது நொடி சுத்தமா இருக்கும். நம்ம ஊர்ப்பக்கம் வந்தா மட்டும் என்னமோ கோவிச்சுக்குது. ஏன்னு பாரு."

வாங்கிப் பார்த்தால் முகத்தில் ஒரு எழுத்து இல்லை. வெறும் சாம்பல் நிறம்!

பஜாரில் வாட்ச் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோனேன். "செல்லு போச்சு தம்பி. எண்பது ரூவா. இப்பவே மாத்திரலாம்" என்றார் கடைக்காரர். இங்கேதான் ஒரு விஷயம். சோலார் வாட்சுக்குள் இருப்பது சாதாரண செல் இல்லை. சி.டி.எல். 1616 என்ற, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏறும் செல். கடையில் தொங்குவது சி.ஆர். 1616. இரண்டும் ஒரே அகலம், ஒரே கனம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் சி.ஆர். செல் சார்ஜ் ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது இல்லை. சோலார் தகட்டிலிருந்து அதற்குள் மின்சாரத்தைத் திணித்தால் கசியும், வீங்கும். உங்களில் யார் வீட்டிலாவது சோலார் வாட்ச் இருந்தால் இந்த எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். "வேண்டாம்ண்ணே, வெயில்ல வச்சுப் பாக்கேன்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே... 'முத்திப்போச்சு' என்று நினைத்திருப்பார்!

வெயிலுக்கு நம்ம மாவட்டத்தில் பஞ்சமா? ஆனால் சித்திரை மாதம் பன்னிரண்டு மணிக்கு மொட்டைமாடியில் போட்டுவிட்டு வரக்கூடாது. கையேட்டிலேயே எச்சரிக்கை உண்டு: வெளிச்சம் வேண்டும், சூடு கூடாது. கார் கண்ணாடிக்குப் பின்னால், சூடான பல்புக்குப் பக்கத்தில் எல்லாம் வைக்கக்கூடாது. காலை வெயில் விழும் ஜன்னலில் வைத்தேன். முதல் ஒரு மணி நேரம் அசைவே இல்லை. பிறகு சார்ஜ் அளவு காட்டும் இடத்தில் 'எல்' என்ற எழுத்து மினுக் மினுக் என்றது. மறுநாள் 'எம்'. மூன்றாம் நாள் 'எச்'. முழுதாகச் செத்து எழுந்ததால் தேதி, நேரம் எல்லாம் மறந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

ஒரு நாள் ஓட எவ்வளவு வெளிச்சம் வேண்டும் தெரியுமா? இந்த வாட்சின் கையேட்டில் உள்ள கணக்கு: நல்ல வெயிலில், அதாவது சுமார் 50,000 லக்ஸ் வெளிச்சத்தில், 5 நிமிடம் போதும். மேகமூட்டமான நாளில், 5,000 லக்ஸில், 48 நிமிடம். டியூப்லைட் மட்டும் எரியும் அறையில், 500 லக்ஸில், 8 மணி நேரம்! நம்ம கண்ணுக்கு டியூப்லைட் அறை பிரகாசமாகத்தான் தெரிகிறது. வெளியே அதைப்போல நூறு மடங்கு இருக்கிறது என்பது வாட்சுக்குத்தான் தெரியும். இருட்டில் கிடந்தால் முதலில் திரையை அணைத்துக்கொள்ளும். ஒரு வாரம் போல இருட்டிலேயே கிடந்தால் மற்ற வேலைகளையும் நிறுத்திவிட்டு உள்ளே நேரத்தை மட்டும் எண்ணிக்கொண்டு படுத்திருக்கும். மாமாவின் பெட்டிக்குள் அது அப்படிப் படுத்து, அந்தச் சார்ஜும் தீர்ந்த பிறகுதான் என் கைக்கு வந்தது.

சோலார் வாட்ச் புதுசு ஒன்றும் இல்லை. வெளிச்சத்தில் ஓடும் முள் கடிகாரத்தை சிட்டிசன் கம்பெனி 1976-லேயே விற்றது. ரேடியோ கேட்கும் கைக்கடிகாரத்தை முதலில் கொண்டுவந்தது ஜெர்மனியின் யுங்ஹான்ஸ் கம்பெனி, 1990-ல். பின்னால் இரண்டையும் ஒரே டப்பாவுக்குள் அடைத்தார்கள். கேட்க அழகாக இருக்கிறது, இல்லையா? சரி, ரேடியோவுக்கு வருவோம். கதையே அங்கேதான்.

வாட்ச் எஃப்.எம். கேட்பதில்லை. ஏ.எம். கேட்பதில்லை. அதற்கும் கீழே, நெட்டலையில், 40 முதல் 77.5 கிலோ ஹெர்ட்ஸ் வரைக்குள் கேட்கிறது. உலகத்திலேயே ஆறு இடத்திலிருந்து வரும் அலைதான் என் வாட்சுக்குப் புரியும். ஜப்பானில் இரண்டு: ஃபுகுஷிமா மாநிலத்து மலை ஒன்றில் 40 கிலோ ஹெர்ட்ஸ், கியூஷு தீவில் ஹகானே மலையில் 60 கிலோ ஹெர்ட்ஸ். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து ஃபோர்ட் காலின்ஸ், 60. இங்கிலாந்தில் ஆந்தோர்ன், அதுவும் 60. ஜெர்மனியில் ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்து மைன்ஃபிளிங்கன், 77.5. சீனாவில் ஷாங்சியு, 68.5. ஒவ்வொன்றுக்கும் பின்னால் அந்தந்த நாட்டின் அணுக்கடிகாரம்.

40 கிலோ ஹெர்ட்ஸின் அலைநீளம் போட்டுப் பாருங்கள். ஏழரை கிலோமீட்டர்! ஃபுகுஷிமா கோபுரம் 250 மீட்டர் உயரம், 50 கிலோவாட் டிரான்ஸ்மிட்டர். அதைக் கேட்கும் நம் வாட்சின் ஆன்டெனா? ஒரு சின்னக் கம்பியில் சுற்றிய மெல்லிய சுருள், விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. நம்ம பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குள் இருக்கும் ஃபெரைட் கம்பியின் பேரப்பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி செய்தி எப்படி வருகிறது என்று பார்ப்போமா? நொடிக்கு ஒரே ஒரு பிட்! ஜப்பான் நிலையம் ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் அலையை முழு பலத்துக்கு ஏற்றும். பிறகு பத்தில் ஒரு பங்காக இறக்கும். 0.8 நொடி முழு பலத்தில் இருந்தால் அது 0. அரை நொடி இருந்தால் 1. 0.2 நொடிதான் என்றால் அது அடையாளக் குறி. இப்படி அறுபது நொடிக்கு அறுபது. அதற்குள் நிமிடம், மணி, வருஷத்தில் இது எத்தனையாவது நாள், வருஷத்தின் கடைசி இரண்டு எண், கிழமை எல்லாம் வந்துவிடும். என்ன குறியீட்டில்? பி.சி.டி.! கூடவே பாரிட்டி பிட் வேறு. "இந்த பி.சி.டி.யெல்லாம் எங்க சார் வரப்போகுது?" என்று முதல் பெஞ்சில் ஒருவன் கேட்டான் அல்லவா? இதோ, இங்கே வருகிறது நண்பா!

இன்றைக்கு நாம் ஒரு சினிமாவைப் பத்து நிமிஷத்தில் இறக்குகிறோம். இதுவோ ஒரு தேதியையும் நேரத்தையும் சொல்ல ஒரு முழு நிமிடம் எடுத்துக்கொள்கிறது. அதையும் ஒரு தடவை கேட்டு நம்பாது வாட்ச். இரண்டு மூன்று நிமிடத்துச் செய்தியைச் சேர்த்துப் பார்த்து, ஒன்றோடொன்று பொருந்தினால்தான் ஏற்றுக்கொள்ளும். இரண்டு முதல் ஏழு நிமிடம் அசையாமல் ஜன்னலோரம் வைக்க வேண்டும். நள்ளிரவிலிருந்து ஐந்து மணிக்குள் அதுவே முயற்சி செய்யும். ராத்திரியில் இந்த அலை தூரம் போகும், இடைஞ்சலும் குறைவு. மாமாவிடம் கேட்டேன். "கேபினுக்குள்ள சுத்தி இரும்பு, ஒண்ணும் வராது. ராத்திரி டெக்ல ஒரு மூலைல கட்டி வச்சுருவேன். துறைமுகத்துல நின்னா கெடைக்கும். நடுக்கடல்ல கெடைக்காது" என்றார். ஹாம்பர்க் போனால் ஊர்ப் பெயரை ஜெர்மனிக்கு மாற்றுவாராம்; அங்கேயும் சிக்னல் கிடைக்குமாம். கோவித்துக்கொண்டது நம்ம கரையில்தான்!

அனுப்புகிறவர்கள் நின்றுபோனால் என்ன ஆகும்? அதுவும் ஒரு தடவை நடந்திருக்கிறது. 2011 மார்ச் 11-ல் ஜப்பானில் பெரிய நிலநடுக்கம், சுனாமி, அணு உலை விபத்து. ஃபுகுஷிமா நேர நிலையம், மக்களை வெளியேறச் சொன்ன 20 கி.மீ. வட்டத்துக்குள் இருந்தது. ஊழியர்கள் மறுநாள் வெளியேறினார்கள். 40 கிலோ ஹெர்ட்ஸ் நின்றது. ஏப்ரல் 21-ல்தான் மறுபடி வந்தது. இடைப்பட்ட நாளில் அந்தப் பக்கத்து வாட்சுகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, சாதாரண குவார்ட்ஸ் வாட்ச் மாதிரி. பெற்றோர் ஊருக்குப் போனால் பிள்ளைகள் சமைத்துச் சாப்பிடுவது போல... ஓடும், ஆனால் ருசி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்!

நம்ம ஊர் எப்போதும் அந்த நிலைமையில்தான். நான் கணக்குப் போட்டேன். ஆறிலேயே நமக்குக் கிட்ட இருப்பது சீனாவின் ஷாங்சியு. அதுவே தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து 4,700 கி.மீ.க்கு மேல். அதன் அலைக்குக் கையேடு கொடுக்கும் எல்லை சுமார் 1,500 கி.மீ. ஜப்பானின் கியூஷு நிலையமோ கிட்டத்தட்ட 6,000 கி.மீ.; அதற்கு எல்லை ஆயிரம். இருந்தாலும் விடுவோமா? வாட்சில் ஊர்ப் பெயரை டோக்கியோ என்று வைத்து, பத்து ராத்திரி மொட்டைமாடிச் சுவரில், ஆன்டெனா இருக்கும் பன்னிரண்டு மணிப் பக்கம் வெளியே பார்க்க வைத்தேன். பத்து நாள் காலையிலும் ஒரே பதில்: சிக்னல் கிடைக்கவில்லை. இதில் ஒன்று கவனிக்கவும். ஊரை டெல்லி என்று வைத்தால் வாட்ச் கேட்க முயற்சியே செய்யாது. இந்தியாவில் அப்படி ஒரு நிலையம் இல்லை என்பது அதற்குத் தெரியும். டோக்கியோ என்று விட்டுவைத்தால் தினமும் ராத்திரி வீணாகக் காதைத் தீட்டிக்கொண்டு சார்ஜைத் தின்னும்.

அப்படியானால் நமக்கு நேரம் சொல்ல யாருமே இல்லையா? இருக்கிறார்கள். இந்திய நேரத்தை வைத்திருப்பது டெல்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக்கடிகாரங்கள் உண்டு. ஒரு காலத்தில் அங்கிருந்து 'ஏ.டி.ஏ.' என்ற அழைப்புக்குறியோடு சிற்றலையில் நேரம் ஒலிபரப்பும் ஆனது. ஆனால் அது கைக்கடிகாரத்துக்கு எட்டும் நெட்டலை இல்லை. அந்த ஒலிபரப்பும் பிறகு நின்றுபோனது. அதற்கும் முன்னால் போனால், 1906 ஜனவரி 1-ஆம் தேதிக்கு முன்பு நம்ம ரயில்கள் 'மெட்ராஸ் நேரத்தில்' ஓடின. அது கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் 14 நொடி முன்னால். இப்போதைய இந்திய நேரம் ஐந்தரை மணி. வித்தியாசம் 8 நிமிடம் 46 நொடி. நுங்கம்பாக்கம் வானாய்வகத்தில் நட்சத்திரம் பார்த்துக் கணக்கிட்ட நேரம் அது. ஆக, நேரம் என்பது எப்போதுமே யாரோ ஒருத்தர் சொல்லி மற்றவர் வைத்துக்கொண்டதுதான்.

டோக்கியோ கேட்கவில்லை என்று ஆனதும் எனக்கு ஒரு யோசனை. ஜப்பானை இங்கேயே கொண்டுவந்தால்? இதைச் செய்யும் செல்போன் செயலிகள் உண்டு. தத்துவம் அழகானது. போனால் 40 கிலோ ஹெர்ட்ஸ் ஒலியைத் தர முடியாது. அதன் எல்லை இருபது சொச்சம்தான். ஆனால் 13.333 கிலோ ஹெர்ட்ஸ் தர முடியும். அதை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்... 40! இயர்போன் சுருளில் ஒலியை முழுசாக ஏற்றும்போது அலை திரிந்து மூன்றாம் ஹார்மோனிக் பிறக்கிறது. அந்தச் சின்னக் காந்தப்புலம் இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்துக்குத்தான் போகும். வாட்சுக்கு அது போதும்! பழைய இயர்போன் ஒயரை வாட்சைச் சுற்றி எட்டு சுற்று சுற்றினேன். போன் ஜப்பான் குறியீட்டில், ஆனால் நம்ம இந்திய நேரத்தை அனுப்பியது. முதல் தடவை தோல்வி. இரண்டாவது தடவை தோல்வி. மூன்றாவது தடவை நான்காம் நிமிடத்தில் திரையில் நேரம் ஒரு குதி குதித்து மாறியது பாருங்கள்... மாடியில் தனியாக நின்று கை தட்டினேன். பக்கத்து வீட்டு அக்கா, "என்ன தம்பி, பாஸாயிட்டியா?" என்று கேட்டார்கள்.

வேடிக்கைக்கு இது சரி. தினசரிக்குச் சரிவராது. பொத்தானை அமுக்கி வைப்பதுதான் நல்லது. ஊரை டெல்லி என்று வையுங்கள். இடப்பக்கம் மேலே உள்ள பொத்தானை அமுக்கிப் பிடித்தால் ஊர்ப் பெயர் மினுக்கும். டெல்லி வந்ததும் அடுத்தடுத்து நகர்த்திக்கொண்டு போனால் கோடைகால நேரம் கேட்கும். நமக்கு அது கிடையாது, அணைத்துவிடவும். நொடி மினுக்கும்போது நிறுத்துங்கள். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இணையப் பக்கத்தில் இந்திய நேரம் ஓடும். அங்கே 00 வரும் நொடியில் வலப்பக்கம் கீழே உள்ள பொத்தானை ஒரே அமுக்கு. வாட்சில் நொடி 30-க்கு மேல் இருந்தால் நிமிடமும் ஒன்று கூடும், 30-க்குக் கீழே என்றால் அதே நிமிடத்தின் 00-க்குத் திரும்பும். எனவே நிமிடத்தையும் ஒரு தடவை சரிபாருங்கள்.

அதற்கு அப்புறம் அது எவ்வளவு பிசகும் என்று பார்க்க ஆசை வந்தது. கையேடு மாதத்துக்கு 15 நொடி முன்னே பின்னே என்கிறது. உள்ளே இருக்கும் குவார்ட்ஸ் நொடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ஏன் இந்தக் கோணல் எண் என்று முன்பு நினைத்திருக்கிறேன். இரண்டின் பதினைந்தாவது அடுக்கு! பதினைந்து ஃபிளிப்-ஃபிளாப் வரிசையாக வைத்து இரண்டால் வகுத்துக்கொண்டே போனால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. டிஜிட்டல் லேபில் நாம் வகுத்த அதே வகுத்தல். ஆனால் இந்தக் குவார்ட்ஸ் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். சூடு கூடினாலும் மெதுவாகும், குறைந்தாலும் மெதுவாகும். பத்து டிகிரி விலகினால் மாதத்துக்குச் சுமார் 9 நொடி பின்தங்கும். ஒரு மாதம் கையில் கட்டிப் பார்த்தேன்: 3 நொடி பின்தங்கியது. அடுத்த மாதம், அதாவது மே மாதம், தகரக் கூரைக்குக் கீழே ஷெல்ஃபில் வைத்துப் பார்த்தேன்: 11 நொடி. கையில் கட்டினால் நம் உடம்பே அதற்கு ஏர்கண்டிஷன் மாதிரி!

இத்தோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் லேப் ரெக்கார்டு. ஒரு நாள் அப்பா கேட்டார்: "ஏலே, இது சரியான டைம்தான்னு எப்படிலே சொல்லுத?"

அப்பா ஒரு நூல் மில்லில் வேலை பார்க்கிறார். காலை ஷிஃப்ட் ஆறு மணி. வாசலில் விரல் வைக்கும் மெஷின். ஆறுக்கு மேல் ஒரு நிமிடம் ஆனாலும் 'லேட்'. மூன்று லேட் சேர்ந்தால் அரை நாள் சம்பளம் கட். மூன்று மாதத்தில் அவருக்கு நான்கு அரை நாள் போயிருந்தது. அவர் சைக்கிளில் கிளம்பும் நேரம் மாறியதே இல்லை. வீட்டு ரேடியோவில் கேட்டு வைத்த கடிகாரத்தைப் பார்த்துத்தான் கிளம்புவார். செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். அதனால் உள்ளே போனால் மில் சொல்வதுதான் நேரம்.

அப்பாவுக்கு டெல்லி, அணுக்கடிகாரம், நொடி எல்லாம் சொன்னேன். பாதி கேட்டார். "சரி, குடு அத ஒரு வாரத்துக்கு" என்றார். ராத்திரி நொடி வைத்துக் கொடுத்தேன்.

பன்னிரண்டு நாள் கட்டினார். காலண்டர் தாளின் பின்பக்கம் பென்சிலில் குறித்துக்கொண்டு வந்தார். மெஷினில் என்ன, வாட்சில் என்ன. உள்ளே ஷெட்டில் தொங்கும் சுவர்க் கடிகாரத்தில் என்ன. உள்ளே போகும்போது பார்க்கும் மெஷின் 4 நிமிடம் முந்தி ஓடியது. வெளியே விடுவதற்குப் பார்க்கும் சுவர்க் கடிகாரம் 2 நிமிடம் பிந்தி ஓடியது. பன்னிரண்டு நாளும் அதே கதை. ஆக, ஒரு நாளைக்கு 6 நிமிடம். மாதம் 26 நாள். 156 நிமிடம். இரண்டு மணி முப்பத்தாறு நிமிடம், ஒரு ஆளுக்கு! வேண்டுமென்று செய்ததா, யாரும் கவனிக்காமல் நடந்ததா... எனக்குத் தோன்றுவது இரண்டாவதுதான். அந்த மெஷின் எந்த வயரிலும் சேராமல் தனியாக நிற்கிறது. பொருத்திய அன்றைக்கு யாரோ கை நேரம் பார்த்து வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். அதற்குப் பிறகு அதற்கு நேரம் சொல்ல ஆள் இல்லை. ஆனால் பிசகு இரண்டும் ஒரே பக்கத்துக்குச் சாதகமாக விழுந்தது. அதையும் சொல்லத்தானே வேண்டும்?

அப்பா டைம் ஆபீஸில் போய்க் கேட்டிருக்கிறார். "இதுல காட்டுறதுதான் டைம்" என்று பதில் வந்திருக்கிறது. அப்பா திருப்பிக் கேட்டாராம்: "சரி சார். இதுக்கு டைம் யாரு சொன்னது?"

வீட்டில் வந்து இதைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. என் அப்பா ஆபீஸ் ஜன்னலில் நின்று எதிர்க்கேள்வி கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. லீவு லெட்டர்கூட அம்மாவைவிட்டு என்னிடம் எழுதச் சொல்வார்.

மறுநாள் இன்னும் நாலு பேர், போனை ஒப்படைப்பதற்கு முன்னால் அதில் உள்ள நேரத்தையும் மெஷினையும் ஒத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வாரமே சுவர்க் கடிகாரம் சரியானது. மெஷினுக்கு "கம்பெனி ஆள் வரணும்" என்று மூன்று வாரம் ஓடியது. பிறகு அதுவும் சரியானது. இப்போது வித்தியாசம் பத்து நொடிக்குள்தான். வெட்டிய நான்கு அரை நாள்? அதைக் கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. அப்பா அந்தக் காலண்டர் தாள்களைக் கிழிக்காமல் ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.

உண்மையைச் சொன்னால் இந்த வேலைக்கு ஜப்பான் வாட்ச் தேவையே இல்லை. பஜாரில் 300 ரூபாய்க்குக் கிடைக்கும் குவார்ட்ஸ் வாட்சும் இதைச் செய்திருக்கும். நம்ம ஊரில் ரேடியோ பாதி சும்மாதான் கிடக்கிறது. சோலார் பாதிக்கு மட்டும் காசு கொடுக்கலாம், செல் மாற்றும் செலவு மிச்சம். சிக்னலே வேண்டும் என்பவர்களுக்கு செயற்கைக்கோளிலிருந்து நேரம் எடுக்கும் சோலார் வாட்ச் 2011-லிருந்து விற்கிறார்கள், அது நம்ம ஊரிலும் வேலை செய்யும். விலையைக் கேட்டால்தான் தலை சுற்றும்!

ஒவ்வொரு மாதமும் முதல் தேதி ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அப்பா வாட்சைக் கழற்றி என் முன்னால் வைப்பார். "எவ்வளவு பிந்தியிருக்கு?" என்பார். "மூணு நொடிப்பா." "வை, வை" என்பார்.

பின்குறிப்பாக ஒன்று. இயர்போன் சோதனையை நேரில் பார்க்க விரும்பும் நண்பர்கள் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரவும். மற்ற நாட்களில் வாட்ச் காலை ஷிஃப்டுக்குப் போய்விடும்.